பதினேழாம் குழியின் வண்டல்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். பொறியாளர் அந்த மனிதரை முதன்முதலில் பார்த்த நேரம் அது. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. களப்புத்தகத்தில் எந்த அளவை எழுதினாலும் பக்கத்திலேயே மணியையும் குறித்துவைப்பது பொறியாளரின் பழக்கம். அன்றைய பக்கத்தின் தலைப்பில் 'குழி 17' என்று இருக்கிறது. அதன் கீழே, அளவு வரவேண்டிய இடத்தில், 'கோல் பிடிப்பவர் சுவரில் சாய்வதில்லை' என்று ஒரு வரி.

பொறியாளர் நாற்பத்தொரு வயதுப் பெண்மணி. பழைய கிடங்குகளை இடித்துவிட்டுப் பதினொரு ஏக்கரில் ஒரு வளாகம் எழும்பிக்கொண்டிருந்தது. நானூற்று இருபது வீடுகள், அவற்றின் காலடியில் கடைகள், ஏழு மாடி அலுவலகம் ஒன்று, மனையின் தாழ்ந்த மூலையில் ஒரு குழந்தைகள் காப்பகம். இத்தனை பேருக்கும் குடிநீர் எந்த வழியில் உள்ளே வரும், கழிவுநீர் எந்த வழியில் வெளியே போகும் என்று வரைந்து கையெழுத்திடுவது அவருடைய பொறுப்பு. குடிநீர்ப் பகுதியை இரண்டே மாதத்தில் முடித்துவிட்டார். குடிநீரைப் பின்னாலிருந்து பம்பு தள்ளுகிறது. தள்ளினால் அது மேட்டிலும் ஏறும், மாடியிலும் ஏறும். கழிவுநீருக்கு அந்த வீம்பு கிடையாது. சரிவு காட்டினால் போகும். காட்டாவிட்டால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும்.

சிக்கல் காப்பகத்தில்தான் இருந்தது. அங்கிருந்து தெருவிலுள்ள நகராட்சியின் பதினேழாம் குழிவரை, அதாவது ஊரின் பாதாளச் சாக்கடை வந்து சேரும் அந்த ஆள் இறங்கும் குழிவரை, அறுபது மீட்டர். நகராட்சி வரைபடத்தின்படி அந்த அறுபது மீட்டருக்கும் கிடைத்த சரிவு முப்பது சென்டிமீட்டர். பள்ளிப் பிள்ளையின் பையிலிருக்கும் அளவுகோலின் நீளம். குறைவுதான், ஆனால் போதும். கட்டடத்தை உயர்த்தவும் வழியில்லை. அதற்கு அடித்தளம் போட்டாகிவிட்டது.

போதும் என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் ஒரு பதிவேட்டைப் படித்தால் அதற்கு அடுத்த பதிவேட்டையும் புரட்டிப் பார்க்காமல் பொறியாளருக்கு இருப்புக் கொள்ளாது. அப்படித்தான் துப்புரவுப் பிரிவின் பதிவேடு கைக்கு வந்தது. பதினைந்தாம் குழியில் ஒரு வருடம் ஐந்து சென்டிமீட்டர் வண்டல், மறுவருடம் பன்னிரண்டு. பதினாறில் சில வருடம் ஒன்றுமே இல்லை. பெருமழை பெய்த வருடம் பதினெட்டில் நாற்பது. பதினேழில் மட்டும் இருபத்தொரு வருடமாக ஒரே வாசகம்: 'வண்டல் 30 செ.மீ. அகற்றப்பட்டது.' மழை பெய்த வருடமும் முப்பது. பெய்யாத வருடமும் முப்பது. மண்ணுக்கு இத்தனை ஒழுக்கம் எங்கிருந்து வந்தது?

அதைப் பார்க்கத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் உறிஞ்சு லாரியையும் மட்டக் கருவியையும் வரவழைத்திருந்தார். நகராட்சி அனுப்பிய கோல்காரர் ஐம்பத்தாறு வயது மதிக்கத்தக்கவர், ஒல்லியானவர். ஐந்து மீட்டர் மடக்குக்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நிழல் விழுந்த சுவருக்கு ஒரு சாண் தள்ளியே நின்றார்.

"ஏன்ணே வெயில்ல நிக்கிறீங்க? சுவரோரமா சாஞ்சுக்கலாமே?"

"சாஞ்சு பழகிட்டா கோலும் சாயும் மேடம்."

லாரியின் அருகே குழாயைப் பிரித்துக்கொண்டிருந்த துப்புரவு மேஸ்திரி சிரித்தார். "அவருக்கு எங்க ஆபீஸ்ல தூக்குக்குண்டுன்னு பேரு மேடம். பந்தியில உக்காந்தாக்கூட முதுகு வளையாது. பஸ்ல இவரு பக்கத்துல நின்னா கம்பின்னு நெனச்சு ஜனங்க பிடிச்சுக்கும்."

"ஒருத்தர்தான் பிடிச்சாரு. அதுவும் நீதான்," என்றார் தூக்குக்குண்டு.

கோல் பிடிப்பது சும்மா நிற்கும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. கருவியில் பார்ப்பவர் தூரத்தில் நின்று கோலிலுள்ள எண்ணைப் படிப்பார். கோல் ஒரு விரற்கடை சாய்ந்தாலும் படிக்கும் எண் பொய்யாகும். அந்தப் பொய் வரைபடத்தில் ஏறும். வரைபடத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கும். தூக்குக்குண்டு இருபத்தெட்டு வருடமாகக் கோல் பிடித்திருந்தார். அவர் நிறுத்திய கோல் அசையவில்லை என்பதைப் பொறியாளர் கருவியின் வழியே கண்டு வியந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்றார் அவர், கோலை விடாமலே. "அதுக்குள்ள நான் எப்படித் தெரியறேன்? தலைகீழாத் தெரிவேன்னு சொல்வாங்களே?"

"அது பழைய கருவியிலண்ணே. இதுல நேராத்தான் தெரியறீங்க."

"அப்போ பாதி சர்வீஸ் தலைகீழா நின்னிருக்கேன்னு சொல்லுங்க."

"நீங்க பாத்ததே இல்லையா? வாங்க, வந்து பாருங்க."

அவர் வரவில்லை. கோல்காரர் கருவியைத் தொடக்கூடாது என்பது அவருடைய அலுவலக விதி; கை பட்டால் மட்டம் கலையும் என்பதற்காக ஏற்பட்டது. ஆனால் பதவி உயர்வுப் பட்டியல் ஒட்டியிருந்தார்களாம், அதில் அவர் பெயரும் இருந்ததாம். "ஏப்ரல் ஒண்ணாந்தேதி அளவையாளரா ஆர்டர் வருது. அன்னிக்கு உரிமையோட பாக்குறேன். இருபத்தெட்டு வருஷம் பொறுத்தவனுக்கு மூணு வாரம் பெரிசா?"

உறிஞ்சு குழாய் குழிக்குள் இறங்கியது. இரண்டு நிமிடம் உறுமியது. பிறகு வெறும் காற்றை இழுத்து விசிலடித்தது. மேஸ்திரி நீண்ட கம்பியை விட்டுத் தட்டிப் பார்த்தார். டங்கென்று கேட்டது.

"மண்ணே இல்ல மேடம். அடிக்கல்லு தட்டுது."

"அப்போ வருஷா வருஷம் முப்பது சென்டிமீட்டர் எடுத்ததா எழுதியிருக்கீங்களே?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "படத்துல ஆழம் மூணு மீட்டர் இருபதுன்னு போட்டிருக்கு. நாங்க டேப்பு விட்டா ரெண்டு தொண்ணூறுதான் வருது. மொத வருஷம் ரெண்டு தொண்ணூறுன்னே எழுதினோம். மீதி முப்பது எங்கன்னு மேல கேட்டாங்க. மண்ணுன்னு சொன்னோம், பேசாம விட்டுட்டாங்க. அப்புறம் மண்ணு இருந்தா எடுக்கணும்ல? எடுத்துட்டோம்னும் எழுதிட்டோம்."

"இருபத்தொரு வருஷமா இல்லாத மண்ண எடுத்திருக்கீங்க."

"ரொம்ப சுத்தமான குழி மேடம் அது," என்றார் மேஸ்திரி.

பொறியாளர் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கும்போதே கணக்கு ஓடியது. குழியின் அடி வரைபடத்தில் உள்ளதைவிட முப்பது சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்றால், காப்பகத்துக்குக் கிடைத்த சரிவும் அதே முப்பதுதான். முப்பதிலிருந்து முப்பது போனால் மிச்சம் ஒன்றுமில்லை. அறுபது மீட்டர் குழாயும் தட்டையாகப் படுத்திருக்கும். மேட்டிலுள்ள நானூற்று இருபது வீடுகளின் கழிவு பதினேழாம் குழிக்கு வந்து நிற்கும்போது, வளாகத்திலேயே தாழ்ந்த வாயான காப்பகத்துக் குளியலறை வழியாகத்தான் மேலே வரும். கருவியை மூன்று இடத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மூன்று முறையும் அதே விடை.

கோலை மடக்கிக்கொண்டிருந்த தூக்குக்குண்டு மெதுவாகக் கேட்டார். "இந்தக் குழியில புதுசா யாரையாவது சேக்கப் போறீங்களா மேடம்?"

"சின்னப் பிள்ளைங்க காப்பகம்ணே. அறுபது பிள்ளைங்க."

அவர் கோலின் அடியில் ஒட்டியிருந்த ஈரத்தைத் துணியால் துடைத்தார். ஒருமுறை துடைத்தது போதாதென்று இரண்டாம் முறையும் துடைத்தார்.

வழி இல்லாமல் இல்லை. குழாயைப் பதினேழில் சேர்க்காமல் தெருவோடு இன்னும் நாற்பத்தைந்து மீட்டர் கொண்டுபோய், ஆழம் கூடிய பதினெட்டாம் குழியில் சேர்த்தால் சரிவு கிடைக்கும். அதற்குத் தெருவைத் தோண்ட அனுமதி வேண்டும். பொறியாளர் நகராட்சியின் தலைமைப் பொறியாளரிடம் போனார். அவர் கெட்டவர் அல்லர், காகிதத்தைத் தாண்டாதவர்.

"படத்துல பதினேழு ஆழமா இருக்கேம்மா. பக்கத்துல ஆழமான குழி இருக்கறப்போ தெருவை ஏன் வெட்டணும்னு அனுமதிக் குழு கேக்கும்ல?"

"படம் தப்பு சார். மூணு தடவ அளந்துட்டேன்."

"நீங்க அளந்தது ஒரு நாள். படம் இருபத்திரண்டு வருஷம். அத மாத்தணும்னா எப்படித் தப்பாச்சுன்னு காரணம் வேணும். அன்னிக்கு அளந்த ஆள் யாராவது எழுதித் தரணும். இருபத்தெட்டாந்தேதி குழு கூடுது. அதுக்குள்ள கொண்டாங்க, நானே திருத்தறேன்."

அன்று கருவியில் பார்த்த அளவையாளர் வேலையை விட்டுக் கடல் கடந்து போய்ப் பல வருடமாகிவிட்டது. அவர் அளந்த மாதத்துக் களப்புத்தகத்தை அலமாரியின் ஈரம் தின்றுவிட்டது. வளாகத்தின் திட்ட மேலாளர் கைப்பேசியில் ஆறுதல் சொன்னார். "மேடம், ஏன் வீணா மண்டைய உடைச்சுக்கறீங்க? நகராட்சி குடுத்த படம், அதுல இருக்கற நம்பர். கையெழுத்து போடுங்க. நாளைக்கு ஏதாவதுன்னா படத்தோட தப்பு, உங்க தப்பு இல்ல." அவர் சொன்னது சட்டப்படி சரி. பொறியாளருக்கு அதுதான் உறுத்தியது. கையெழுத்துப் போடாவிட்டால் வேறொருவர் வந்து போட்டுவிட்டுப் போவார். குழாய் தட்டையாகவே படுக்கும்.

ஆயினும், உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் பொறியாளரைத் தூங்கவிடாமல் அரித்தது கவலை மட்டும் அன்று. ஏன் முப்பது? அளப்பவர்கள் தவறு செய்வார்கள். ஆனால் தவறுகள் பன்னிரண்டு, இருபத்தேழு என்று கோணல்மாணலாக வரும். மற்ற எல்லாக் குழிகளும் சரியாக இருக்க, ஒன்றில் மட்டும் வெட்டியெடுத்தாற்போல் ஒரு முப்பது எப்படி வந்தது?

இருபத்தாறாம் தேதி மாலை நான்கு மணிக்குத் தூக்குக்குண்டிடமிருந்து அழைப்பு வந்தது. "மேடம், நம்ம வீடு பக்கத்துலதான். ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு. சுவரில் மாட்டியிருந்த படங்கள், காலண்டர், கண்ணாடி எதுவும் இம்மியும் கோணவில்லை. அவருடைய மனைவி பெரிய குரலில் வரவேற்றார். "வாம்மா, உக்காரு. நாற்காலியை நகத்திடாதே. நகந்தா இவருக்குச் சோறு இறங்காது. கல்யாணமான புதுசுல எனக்கே பயம், நான் கோணலா நிக்கறேனோன்னு."

"நீ கோணல்தான். நான் கண்டுக்கல," என்றார் அவர்.

அவர் காட்டிய நாற்காலி சமையலறை வாசலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. அங்கே மேல்நோக்கித் தூக்கும் பழைய ஜன்னல் ஒன்று. அது விழுந்துவிடாமல் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார்கள். டீயை வாயருகே கொண்டுபோன பொறியாளரின் கை பாதியில் நின்றது. அந்தக் கட்டையில் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள். அடியில் சுழி, நடுவில் பத்து, இருபது, உச்சியில், ரம்பம் அறுத்த வாயில், முப்பது.

"அது என்னண்ணே?"

"அதக் கேக்கறியா?" என்று மனைவி முந்திக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷமா அந்த ஜன்னலத் தாங்குது. நல்ல கட்டை வாங்கிப் போடலாம்னா விடமாட்டேங்கறாரு. என்னமோ பொக்கிஷம் மாதிரி!"

தூக்குக்குண்டு எழுந்து போய் ஜன்னலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கட்டையை உருவி எடுத்துவந்து பொறியாளரின் மடியில் வைத்தார். பிறகு நின்றபடியே சொன்னார்.

"அப்போ ஆறு வருஷமா தினக்கூலி. மறுநாள் நிரந்தர ஆர்டர் கையில வரணும். காலையில ஊர் உயரம் பொறிச்ச மட்டக்கல்லுல கோல வெச்சுப் பாத்தாச்சு, பதினேழோட மூடியையும் பாத்தாச்சு. மத்தியானம் கருவியில பாக்குற சார் சாப்பிடப் போனாரு. நான் குழிக்குள்ள கோல இறக்கிப் பாத்துக்கிட்டிருந்தேன். கை நழுவிருச்சு. விழுந்த வேகத்துல அடி பொளந்துபோச்சு. சர்க்கார் கோல உடைச்சவனுக்கு யாரு ஆர்டர் குடுப்பாங்க? அடுத்த தெருவுல தச்சுப்பட்டறை. ஓடினேன். விரிசல் இருபத்தேழு வரைக்கும் போயிருக்கு, கணக்கு முழுசா இருக்கட்டும்னு முப்பதுல அறுக்கச் சொன்னேன். இரும்புப் பூணத் திருப்பி அடிச்சு எடுத்தாந்தேன். சார் வந்தாரு, பதினேழோட அடியைப் பாத்தாரு, எழுதினாரு. சாயந்திரம் சொல்லிரலாம்னு இருந்தேன் மேடம். சார் புஸ்தகத்த மூடிட்டு, நாளைக்கு நீ பர்மனென்ட்டுன்னு முதுகுல தட்டினாரு. நாக்கு எழல."

"அதுக்கப்புறம் அளந்ததெல்லாம் சரியா வந்துச்சே?"

"அதான் மேடம் எனக்கும் புரியாம இருந்துச்சு. மறுநாள் பூரா பயந்து செத்தேன். ஒண்ணும் ஆகல. ரெண்டு மாசத்துல புதுக்கோல் வந்து, பழசு விறகாப் போச்சு."

பொறியாளருக்கு உடனே விளங்கியது. குட்டைக்கோலையே முதலிலும் முடிவிலும் வைத்து அளந்தால், இரண்டிலும் ஒரே முப்பது கூடும். ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். கருவியை நகர்த்தாத அந்த ஒரு நிலையில் மட்டும் மட்டக்கல்லை முழுக்கோலும் குழியின் அடியைக் குட்டைக்கோலும் பார்த்திருக்கின்றன; குழி முப்பது ஆழம் கூடிப் படத்தில் ஏறியிருக்கிறது. ஊர் முழுவதற்கும் அந்த ஒரே ஓர் எண்தான் பிழை. இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக அதன்மேல் ஒரு கட்டடம் வந்து உட்காரப் போகிறது.

"பதினேழுல மண்ணு முப்பதுன்னு மேஸ்திரி மொத தடவ சொன்னப்பவே அது என் கட்டைதான்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் தூக்குக்குண்டு. "ஆனா அதுல யாரும் சேரல. சேராத வரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லன்னு இருந்துட்டேன். எழுதித் தரேன் மேடம். பேப்பர் வெச்சிருக்கீங்களா?"

"அண்ணே, இன்னும் ஆறே நாள். எழுதினா அந்த ஆர்டர்..."

"தெரியும் மேடம்."

அவர் மனைவி இடுப்பில் கைவைத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் கட்டைக்குள்ள இவ்வளவு இருந்துச்சா? இருபத்திரண்டு வருஷம் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரும்மா! எழுதுங்க, எழுதுங்க. முதல்ல ஜன்னலுக்கு வேற ஏதாவது முட்டுக் குடுங்க, கொசு வருது."

அவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். எழுத்துகள் கோடு போட்டாற்போல் நேராக நின்றன. பொறியாளர் அதையும் அந்தக் கட்டையையும் எடுத்துப்போய்த் தலைமைப் பொறியாளரின் மேசையில் வைத்தார். அவர் கட்டையைக் கையில் எடுத்து, தம் மேசை அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது.  பிறகு, "நல்ல மனுஷன். முட்டாள் மனுஷன்," என்று சொல்லிவிட்டுச் சிவப்பு மையில் வரைபடத்தைத் திருத்தினார். இருபத்தெட்டாம் தேதி பதினெட்டாம் குழிக்கு அனுமதி கிடைத்தது. முப்பத்தொன்றாம் தேதி பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து ஒரு பெயர் அடிக்கப்பட்டது. அரசுக் கருவிக்குச் சேதம், மறைத்தது என்று இரண்டு வரிக் காரணம், கண்டிப்பு ஒன்று. ஓய்வூதியத்தில் கைவைக்கவில்லை. அதற்குத் தலைமைப் பொறியாளர் தனியாக ஒரு குறிப்பு எழுதியதாகப் பின்னால் தெரிந்தது.

ஏப்ரல் முதல் தேதி பொறியாளர் தெருவில் குழாயின் பாதையைக் குறிக்க வந்தபோது, தூக்குக்குண்டு வழக்கம்போல் கோலோடு நின்றார், சுவருக்கு ஒரு சாண் தள்ளி.

பொறியாளர் கருவியை விட்டு அவரிடம் நடந்துபோனார். "அண்ணே, உங்க ஆபீஸ் விதி உங்க ஆபீஸ் கருவிக்கு. இது என்னோட சொந்தக் கருவி. நீங்க போய்ப் பாருங்க, நான் கோல் பிடிக்கிறேன்."

அவர் கோலைத் தரவில்லை. "இன்னிக்கு வேலை கெடக்கு மேடம். நீங்க பிடிச்சா சாயும்."

"அப்போ இது என் கடன். என்னைக்குக் கேட்டாலும் வந்து பிடிப்பேன்."

"இருக்கட்டும் மேடம். எங்க ஓடிப்போகுது," என்று சிரித்தார்.

அதன்பின் பதினான்கு மாதம் அவர் வேலையில் இருந்தார். அந்தக் காலத்தில் நூறு இடங்களிலாவது இருவரும் கருவியின் இரு முனைகளில் நின்றிருப்பார்கள். பொறியாளர் சில முறை நினைவூட்டினார். ஒருநாள் வெயில், ஒருநாள் மழைமேகம், ஒருநாள் வீட்டில் விருந்தாளி. ஏதோ ஒன்று வாய்த்துவிடும். பிறகு நினைவூட்டுவதே அவரை வற்புறுத்துவதாகத் தோன்றியதால் பொறியாளர் விட்டுவிட்டார். அவர் ஏன் கேட்கவில்லை என்பது மட்டும் புரியவேயில்லை. கோபமா என்றால் கோபப்படுகிற ஆள் இல்லை. வெட்கமா? அல்லது பார்க்காததாக ஒன்றை வைத்திருப்பதில் ஏதேனும் ருசி உண்டா?

காப்பகம் திறந்தது. துப்புரவுப் பதிவேட்டில் பதினேழாம் குழிக்கு நேரே 'வண்டல் இல்லை' என்று மேஸ்திரி எழுதத் தொடங்கினார். முதல் வருடம் மேலிடத்திலிருந்து, ஏன் இல்லை என்று கேட்டார்களாம்.

தூக்குக்குண்டு ஓய்வு பெற்ற மறு வருடம், அதே தெருவில் பொறியாளர் வேறொரு வேலையாகக் கருவியை நிறுத்தியிருந்தார். எதிரே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கோல் பிடித்திருந்தார். காய்கறிப் பையோடு தூக்குக்குண்டு வந்தார். நலம் விசாரித்தார், மனைவிக்கு மூட்டுவலி என்றார், ஜன்னலுக்குக் கொக்கி போட்டாகிவிட்டது என்றார். பேசிக்கொண்டே கருவியின் அருகில், கண் வைக்கும் குழலுக்கு அரையடி தள்ளி, வந்து நின்றார். பொறியாளர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அவர் குனியவில்லை. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, வெறும் கண்ணால் தெருக்கோடியைச் சற்று நேரம் பார்த்தார்.

"இடது பக்கம் துளி சாயுதும்மா!" என்று அந்தப் பெண்ணிடம் குரல் கொடுத்தார். "வரேன் மேடம்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பொறியாளர் குழலில் கண்ணை வைத்தார். கோல் இடப்பக்கம் துளி சாய்ந்துதான் இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிமிர்ந்தது. களப்புத்தகத்தில் எண்ணை எழுதினார், பக்கத்தில் மணியையும் எழுதினார். அந்தக் கடனைத் தூக்குக்குண்டு இன்றுவரை கேட்கவில்லை.